வானத்தில் உண்டு, ஜாடியில் இல்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு புதன்கிழமை மத்தியானம் என் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பழனியம்மாள் பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். சொன்னவருக்கு அது பெரிய விஷயமில்லை. கேட்ட எனக்குக் கையிலிருந்த காபி ஆறிப்போயிற்று. அந்த நிமிடமே எழுந்து, காப்பித் தோட்டத்துக்கு நடுவே வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுத ஆரம்பித்தேன்.

அது நடந்து இன்றோடு பத்தொன்பது நாள். அந்தப் பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை. கதை நன்றாக வந்துகொண்டிருக்கிறது.

(கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை அடித்தேன். உண்மை என்பதால் திரும்பவும் எழுதிவிட்டேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "சேர்வராயன் மலைமேல் இருள் இறங்கியபோது வானமெங்கும் கோடிக்கணக்கான சிறகுகள்"

நிறுத்திவிட்டேன். நான் எட்டரை மணிக்கே தூங்கிவிடுகிறவள். அந்தச் சிறகுகளை நான் பார்த்ததில்லை. யாராலும் பார்க்க முடியாது என்பதால்தானே ரேடார் வைத்திருக்கிறார்கள்?

இரண்டாவது முயற்சி: "பூச்சிகளின் இரவு நேர இடப்பெயர்ச்சி குறித்த ஆய்வுகள் நம் நாட்டில் இன்னும்"

கட்டுரை. இதைப் படிக்க நீங்கள் என்ன பாவம் செய்தீர்கள்?

மூன்றாவது: "கீர்த்திகா கெட்டிக்காரப் பெண்."

இது இருக்கட்டும். கீர்த்திகா சேலத்துப் பெண், வயது இருபத்தெட்டு. மலைமேல் வாழவந்தி கிராமத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால், காப்பித் தோட்டத்துக்கு நடுவே வெட்டவெளியாக ஓர் இடம். அங்கே தகரத்தில் ஓர் அறை; அதன் பக்கத்தில் வானத்தைப் பார்த்தபடி ஒரு ரேடார். டாக்டர் பட்டத்துக்காக இரண்டு வருஷத்துக்கு மேலாக அங்கேதான் வேலை. சிக்னல் கிடைக்காதபோது என் வீட்டுக்கு வந்து வைஃபையில் உட்காருவார். அப்படித்தான் பழக்கம்.

ரேடாரை அவர் எனக்கு விளக்கியது இப்படி: "கல்யாண வீட்டு அண்டா ஒண்ண மல்லாக்க வெச்சிருக்கோம்னு நெனச்சுக்கோங்க ஆன்ட்டி. அது மேல பாத்துக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். அது வாய்க்கு நேரா ஒரு பூச்சி பறந்து போனா, பட்டுத் திரும்பி வர்ற சத்தத்த வெச்சு எவ்வளவு ஒசரம், எவ்வளவு கனம், எந்தத் திசையில போகுது, நொடிக்கு எத்தன தடவ றெக்க அடிக்குதுன்னு எல்லாம் எழுதிரும்."

"சத்தமா?" என்றேன்.

"சத்தம் இல்லீங்க ஆன்ட்டி, உங்களுக்காகச் சொன்னேன்."

(ஆன்ட்டி என்று கூப்பிடாதே என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். ஊருக்குள் என் நிலைமை இதைவிட மோசம். நான் ரைட்டர் என்று சொன்னதும், எந்த எஸ்டேட்டில் என்று கேட்டார்கள். இங்கே ரைட்டர் என்றால் ஆள் வருகை குறிக்கும் கணக்கர்.)

3

கொஞ்சம் கட்டுரைத்தனமாகப் பேச வேண்டியிருக்கிறது. சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

பொழுது சாய்ந்த பிறகு, நம் தலைக்கு நானூறு மீட்டர் மேலே பெரிய போக்குவரத்து நடக்கிறது. அந்துப்பூச்சி, வண்டு, தட்டான் என்று எல்லாம் காற்று போகிற பக்கம் ஏறிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகின்றன. அந்த அண்டாவின் வாய்க்கு நேர் மேலே மட்டும் ஒரு ராத்திரியில் மூவாயிரத்துச் சொச்சம் கடந்திருக்கின்றன. அதில் சில, கீழே சமவெளியில் மக்காச்சோளத்தை ஒரே வாரத்தில் மொட்டையாக்கும் சாதி. எது எப்போது புறப்படுகிறது என்று தெரிந்தால் விவசாயிக்கு நாலு நாள் முன்னாலேயே சொல்லிவிடலாம். கீர்த்திகாவின் உழைப்புக்கு அர்த்தம் இதுதான்.

ஆனால் ரேடாருக்கு ஒரு குறை. கனம் சொல்லும், உயரம் சொல்லும், பெயர் சொல்லாது. பெயர் தெரிய ஒரு பூச்சியாவது கைக்குக் கிடைக்க வேண்டும். அதற்காகத் தரையில் ஒரு விளக்குப் பொறி: மேலே விளக்கு, கீழே புனல், புனலுக்கு அடியில் கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள் மருந்து நனைத்த பஞ்சு. வெளிச்சத்துக்கு வந்து விழுகிற பூச்சி அதிலேயே சாகும். காலையில் எண்ணிப் பெயர் எழுதுவார்கள். சாயங்காலம் பஞ்சு நனைத்து வைப்பதும், விடிந்ததும் ஜாடியை எடுத்துக் கொடுப்பதும் பழனியம்மாளின் வேலை. அதை முடித்துவிட்டு என் வீட்டுக்கு வருவார்.

விளக்குப் பொறி வைக்கிற எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம் ஒன்று உண்டாம். நிலா இல்லாத ராத்திரியில் விளக்கு தூக்கிக் காட்டும், பூச்சி அதிகம் விழும். பௌர்ணமியில் குறையும். கீர்த்திகாவின் கணக்கில் பௌர்ணமி சரியாக இருந்தது. அமாவாசைதான் தலைகீழ். ரேடார் வானத்தில் ஆயிரக்கணக்கில் காட்டுகிறது, ஜாடியில் ஒன்றுகூட இல்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, இருபத்தாறு அமாவாசையும் பூஜ்ஜியம்.

அவர் சும்மா நம்பிவிடவில்லை. பல்பை மாற்றினார். ஒயரை மாற்றினார். கரண்ட் சரியாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்ததால், இந்த மலையைக் கடக்கும் பூச்சிகள் முழு இருட்டில் கீழே இறங்குவதே இல்லை, உயரத்திலேயே போய்விடுகின்றன என்ற முடிவுக்கு வந்தார். உலகத்தில் யாரும் சொல்லாத முடிவு. வழிகாட்டிப் பேராசிரியர் சந்திரசேகர் போனிலேயே, "இந்த ஒரு அத்தியாயம் போதும்மா, மத்ததெல்லாம் இதுக்குத் துணை" என்றாராம். ஆய்வேட்டின் தலைப்பே அதுதான் இப்போது. வருகிற திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும்.

4

பழனியம்மாளை எப்படி எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

முதல் வரைவில் அவரை ஒன்றும் தெரியாத மலைக்கிராமத்துப் பெண்ணாக்கியிருந்தேன். கண்கள்கூட "வெள்ளந்தியாக" இருந்தன. கிழித்துப் போட்டேன். வெள்ளக்கடை கிராமத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிறவர் அவர். என் வைஃபையின் பாஸ்வேர்டை என்னைவிடச் சரியாகச் சொல்லுவார். இரண்டாவது வரைவில் தெய்வமாக்கிவிட்டேன். அதையும் கிழித்தேன். தெய்வத்துக்குப் பக்கத்து வீட்டு ஜெயகுமாரியோடு நாலு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்காது.

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். வயது ஐம்பதை ஒட்டி. வீட்டுக்காரர் மாதையன் எஸ்டேட்டில் மிளகு பறித்துவந்தவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணி சரிந்து விழுந்து இறந்துபோனார். அன்றைக்கு அமாவாசை. பிள்ளைகள் இல்லை. இதை அவர் என்னிடம் சொன்னபோது அழவில்லை. நான்தான் அழுதேன், அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

5

அந்தப் புதன்கிழமைப் பேச்சு இதுதான். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"உங்க கையில என்ன பழனியம்மா, ஒரு மாதிரி வாசம்?"

"அந்தப் பூச்சி மருந்துதானுங்கம்மா. சோப்புப் போட்டாலும் போகறதில்லீங்க. நெதமும் பஞ்சுல நனைச்சு வெக்கோணுமில்லீங்க. அமாவாசைக்கு மட்டுந்தான் கை சுத்தமா இருக்குமுங்க."

"அன்னைக்கு மட்டும் ஏன்?"

"ஏனுங்க, அமாவாசையும் அதுவுமா உசுரெடுப்பாங்களா? அவரு போன நாளுங்க அது. கொசு கடிச்சாக்கூட ஊதித்தான் உடுவனுங்க."

"அப்ப ஜாடியில விழற பூச்சி?"

"உசுரோடதானுங்க கெடக்கும். வெடியால போயி மூடியத் தொறந்து உட்ருவனுங்க. நொம்பப் பேரு தொறந்த ஒடனே போயிருவாங்க. நாலஞ்சு பேரு மட்டும் அடியில ஒட்டிக்கிட்டிருப்பாங்க. அவங்கள காப்பி எலையில ஏத்திச் செடி மேல உட்டுட்டு, ஜாடியக் கழுவிக் கவுத்துட்டு வந்துருவனுங்க."

"கீர்த்திகாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாம இருக்குமுங்களா? அந்தப் புள்ளையும் அமாவாசை புடிக்கறவங்கதானுங்களே. அன்னைக்கு அந்த வேலைக்கு லீவுன்னுதான ஊருக்குப் போறாங்க?"

இங்கே நான் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று மட்டும். கீர்த்திகா அமாவாசைக்கு அமாவாசை சேலம் போவது உண்மை. அவர் அம்மா அன்று இறந்துபோன முன்னோருக்கு வாழையிலை போட்டுப் படைக்க, மகளுக்காகக் காத்திருப்பார். அமாவாசையன்று காலை பஸ்ஸில் இறங்கினால் மறுநாள் மத்தியானம்தான் மலையேறுவார். அதற்குள் ஜாடி கழுவிக் கவிழ்த்தாகியிருக்கும்; பூச்சி விழுந்திருந்தால் எடுத்து வைத்திருப்பாரே என்று கீர்த்திகா பூஜ்ஜியம் எழுதிக்கொள்வார். ரேடார் தானாகவே ஓடும். ஒரே நாளை ஒரே காரணத்துக்காக இரண்டு பெண்கள் கும்பிட்டிருக்கிறார்கள். தான் கும்பிடுவது கீர்த்திகாவுக்குத் தெரியும் என்று ஒருத்தி நினைத்திருக்கிறாள். மற்றவள் நினைத்தே பார்க்கவில்லை. பல்பைச் சோதித்தவள், ஒயரைச் சோதித்தவள், "அக்கா, அன்னைக்கு என்ன பண்ணுவீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

(கேட்டிருக்கலாம் என்று எழுதுகிற தகுதி எனக்கு இல்லை. நான் சொல்லியிருக்கலாம்.)

6

முடிவு, ஒன்று: யாரும் சொல்லவில்லை. ஆய்வேடு ஏற்கப்படுகிறது. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் இதே போலச் செய்து பார்த்து, ஜாடி நிறையப் பூச்சி விழுந்து, கீர்த்திகா பொய்க்கணக்கு எழுதியவர் என்று உலகம் பேசுகிறது. நான் வருத்தத்தோடு ஒரு கதை எழுதுகிறேன்.

முடிவு, இரண்டு: கீர்த்திகா தானாகவே கண்டுபிடிக்கிறார். கெட்டிக்காரப் பெண் அல்லவா? இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதில் நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

முடிவு, மூன்று: பேராசிரியருக்குத் தெரிந்து பழனியம்மாளின் வேலை போகிறது. அவர் ஸ்கூட்டியை

இதை எழுதிக்கொண்டிருந்தபோது, புதன்கிழமை, வாசலில் "ஆன்ட்டி" என்று குரல் கேட்டது. இந்த மூன்று வாரத்தில் மூன்று தடவை வந்து டீ குடித்துப் போன பெண், நான்காவது தடவையாக வந்தார். ஆய்வேட்டின் முதல் பக்கங்களை அச்செடுத்து வந்திருந்தார். நன்றியுரையில் என் பெயரும் இருந்தது, வைஃபைக்காக. அதற்கு மேல் இருந்த வரி: "ஒரு நாளும் தவறாமல் ஜாடியை என் கையில் கொடுத்த பழனியம்மாள் அக்காவுக்கு. அவர் இல்லாமல் இந்த ஆய்வில் ஒரு எண்கூட இல்லை."

"நல்லாருக்கா ஆன்ட்டி? அக்காவுக்கு ஒரு காப்பி பைண்ட் பண்ணித் தரப்போறேன். அவங்களுக்கு சர்ப்ரைஸ், சொல்லிராதீங்க."

நல்லா இருக்கிறது என்று சொன்னேன். அவர் போனதும் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. மூன்றாவது முடிவை எழுதி முடிக்கவில்லை.

7

மறுநாள் வியாழக்கிழமை. பழனியம்மாளை நாற்காலியில் உட்காரவைத்து, இதுவரை எழுதிய ஆறு பகுதியையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கதையில் வருகிறவரிடம் அனுமதி கேட்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரடியாகச் சொல்லத் தைரியம் இல்லை என்பதுதான் சரி.

முதல் பகுதியிலேயே நிறுத்தினார். "காப்பி ஆறிப்போச்சுன்னு எழுதியிருக்கீங்களேம்மா. அந்த டம்ளர நான்தான கழுவுனேன்? சொட்டு இல்லாம குடிச்சிருந்தீங்க."

(ஆமாம். மாற்றாமல் விட்டிருக்கிறேன். என்னை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கும் தெரியட்டும்.)

ஜெயகுமாரி விஷயத்தை அடிக்கச் சொன்னார். பிறகு, "இருக்கட்டும், படிச்சா அவளுக்கும் தெரியட்டும்" என்றார். மூன்றாம் பகுதியில் அவர் முகம் மாற ஆரம்பித்தது. ஆறாம் பகுதி முடிந்தபோது அவர் சேலை முந்தானையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அப்ப அந்தப் புள்ளைக்குத் தெரியவே தெரியாதுங்களா?"

"தெரியாது."

"அந்த இருபத்தாறு சைபரும் நான் போட்டதுங்களா?"

"எழுதினது அவங்க பழனியம்மா. அவங்க கேட்டிருக்கணும்."

"ஜாடியக் கழுவுனது நானுங்களே." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் இதச் சொல்லி மூணு வாரமாச்சுங்களே. அந்தப் புள்ள இங்க வந்து டீ குடிச்சுட்டு டீ குடிச்சுட்டுப் போகுது. ஒரு வார்த்த சொல்லோணும்னு உங்களுக்குத் தோணலீங்களா?"

கதை நன்றாக வந்தது என்று அவரிடம் சொல்ல முடியுமா?

அவர் எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அங்கிருந்தே சொன்னார்: "நாளானைக்கு அமாவாசை. மருந்து வெச்சர்றனுங்க. விடிஞ்சு ஒரு தடவ எண்ணிப் பாத்தாங்கன்னா அவங்களுக்கே வெளங்கிரும்."

"பதினோரு வருஷமாக் காப்பாத்துறீங்களே?"

"அது எனக்கும் அவருக்கும் உள்ளதுங்க. அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். அந்தப் புள்ள படிப்புங்களே."

என்ன ஒரு முடிவு என்று நினைத்தேன். கை தானாகவே மேசையில் பேனாவைத் தேடியது. அதை நானே பார்த்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

8

சனிக்கிழமை நாலு மணிக்கு, ஏழு பகுதிகளையும் எடுத்துக்கொண்டு தகர அறைக்குப் போனேன். திங்கட்கிழமை சமர்ப்பிப்பு என்பதால் கீர்த்திகா இந்த அமாவாசைக்கு ஊருக்குப் போகவில்லை. பழனியம்மாள் பொறிக்குப் பக்கத்தில் மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மூடி திறக்கவில்லை.

"கதை ஒண்ணு எழுதினேன் கீர்த்திகா. உங்களைப் பத்தினது. இப்பவே படிக்கணும்."

"தீசிஸ்ல கடைசி டேபிள் பாக்கி இருக்கு ஆன்ட்டி..."

"அதுக்கு முன்னாடி படிக்கணும்."

படியில் உட்கார்ந்து படித்தார். இரண்டாம் பகுதியில் சிரித்தார். நான்காம் பகுதியில் சிரிப்பு நின்றது. ஐந்தாம் பகுதியைப் படித்துவிட்டு முன்னால் போகாமல் மறுபடியும் முதலிலிருந்து அதையே படித்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என் கதையைப் படிக்கும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். இப்படி ஒருவரும் படித்ததில்லை. அவர் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. என்ன எண்ணினார் என்று தெரியாது. மாதங்களாக இருக்கலாம்.

ஏழாம் பகுதியை முடித்ததும் தாள்களைப் படியில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லையும் எடுத்து வைத்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து நேராகப் பழனியம்மாளிடம் போனார்.

"அக்கா," என்றார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"அழுகாத கண்ணு," என்றார் பழனியம்மாள். இரண்டு வருஷமாக மேடம் என்று கூப்பிட்டவர்.

நானும் இரண்டடி எடுத்து வைத்தேன். காதில் விழ வேண்டுமே.

பழனியம்மாள் திரும்பினார். "நீங்க ஊட்டுக்குப் போங்கம்மா. நாங்க பேசிக்கறோம்."

"இருந்துட்டுப் போறேனே."

"ஆன்ட்டி, ப்ளீஸ்," என்றார் கீர்த்திகா.

வந்துவிட்டேன். ஆறரைக்கு என் ஜன்னலிலிருந்து பார்த்தபோது பொறி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பஞ்சு நனைந்திருந்ததா, அதை நனைத்தது யார், அல்லது ஜாடியையே எடுத்துவிட்டார்களா என்பதெல்லாம் விளக்கைப் பார்த்தால் தெரியாது.

ஞாயிறு மாலை என் தாள்கள் திரும்பி வந்தன. கீர்த்திகா பென்சிலில் திருத்தியிருந்தார். தட்டான் பெரும்பாலும் பகலில் போகிறது. ராத்திரிக்கும் உண்டு, ஆனால் அந்துப்பூச்சியோடு ஒரே மூச்சில் சொல்லாதீர்கள் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. கடைசித் தாளின் பின்பக்கம் எழுதியிருந்தது இது: "பெயரோடு அச்சிடலாம். நீங்கள் போன பிறகு நடந்தது இதில் வரக் கூடாது. ஊகித்தும் எழுதக் கூடாது. அக்காவும் அதையேதான் சொல்கிறார்."

திங்கட்கிழமைக் காலை சேலம் பஸ்ஸில் அவர் ஏறியதைப் பார்த்தேன். தோளில் பை. உள்ளே இருந்தது ஆய்வேடா, இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கும் கடிதமா? உங்களுக்கு எது வேண்டுமோ அதை அந்தப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களை யாரும் தடுக்கவில்லை. தடை எனக்கு மட்டும்தான்.

அன்று மத்தியானம் பழனியம்மாள் வழக்கம்போல வந்தார். பாத்திரம் கழுவினார். நான் வாசற்படியில் நின்று, கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டேன்.

"என்னதான் பேசினீங்க பழனியம்மா?"

அவர் குழாயை நிறுத்தினார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்காக வருத்தப்படுகிற மாதிரிதான் சொன்னார்.

"அதெல்லாம் எழுதறதுக்கில்லீங்கம்மா."

அதனால் ஒன்பதாம் பகுதிக்கு எண் மட்டும் போட்டிருக்கிறேன். அது அவர்கள் இருவருடையது.

9